உங்கள் வீட்டு ஹில்டாவும் கத்பேட்டும்: பெயர் தந்த புனிதரைத் தேடிப் பெருநாள் கொண்டாடும் வழி

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அம்மம்மா, அப்பப்பா காலத்துப் பெயர்களை ஒருக்கால் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஹில்டா, மில்ட்ரட், ஓட்ரி, எடித், கத்பேட், ஒஸ்வல்ட், வில்பிரட், எட்மண்ட், எட்வின். பழைய சேமக்காலை எதற்குள் போனாலும் கல்லறைகளில் இதில் இரண்டு மூன்று பெயராவது இருக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த நாகரிகப் பெயர் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். உண்மையில் இவை எல்லாம் 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் (இன்றைய ஆங்கிலேயரின் முன்னோர்) புனிதர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள், ஓர் ஊர், ஒரு பெருநாள் இருக்கிறது.

எங்கள் அம்மம்மா ஒரு ஹில்டா. 1995 இடப்பெயர்வில் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவர் தோளில் தொங்கிய பைக்குள் ஒரு செபப்புத்தகம் இருந்தது. அதன் பின்அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் ‘கார்த்திகை 17’ என்று எழுதியிருக்கும். யாரோ செத்த நாளாக்கும் என்று நாங்கள் இருந்துவிட்டோம், கேட்கவும் இல்லை. அவர் மோசம்போய்ப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அது யாரோ செத்த நாள்தான்: 680ஆம் ஆண்டு நவம்பர் 17, விட்பி என்ற கடற்கரை ஊரில் மடத்துத் தலைவி ஹில்டா இறந்த நாள். அம்மம்மா தன் நாமத் திருநாளை, அதாவது தன் பெயர்கொண்ட புனிதரின் நாளை, வருடாவருடம் தனியாகக் கொண்டாடியிருக்கிறார், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல். உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் அதில் உள்ள முழுப்பெயரைப் பாருங்கள், ஏனென்றால் வீட்டில் கூப்பிடும் பெயர் தேய்ந்துபோயிருக்கும். ஓட்ரி என்பது எதல்திரித் என்ற அரசியின் பெயர் நாக்கில் தேய்ந்து வந்தது. அவர் 673இல் ஈலி என்ற இடத்தில் மடம் கட்டியவர், பெருநாள் ஜூன் 23. எட்வர்ட் என்றால் இரண்டு பேர் இருக்கிறார்கள், 978இல் கொலையுண்ட இளம் மன்னர் ஒருவர், 1066 ஜனவரியில் இறந்த மன்னர் இன்னொருவர். வினிபிரட் என்ற பெயரைப் பார்த்து இதே கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள், அந்தப் புனிதை வேல்ஸ் நாட்டவர். எங்கள் பங்குகளில் பல பழைய பதிவேடுகள் சண்டையில் அழிந்துவிட்டன என்பது தெரிந்ததுதானே. சான்றிதழ் கிடைக்காவிட்டால் கல்லறைக் கல், பழைய செபப்புத்தகம், கலியாண அழைப்பிதழ் என்று வீட்டுக்குள்ளேயே தேடுங்கள், பெரியம்மாமாரிடம் கேளுங்கள்.

அடுத்தது நாள். புனிதரின் பெருநாள் என்பது பெரும்பாலும் அவர் இறந்த நாள், அதாவது விண்ணகத்தில் பிறந்த நாள். ஆனால் இந்தப் புனிதர்களில் பலருக்கு இரண்டாவது நாளும் உண்டு: அவர்களுடைய உடலைக் கல்லறையிலிருந்து எடுத்து ஆலயத்துக்குள் மேலே உயர்த்தி வைத்த நாள். இங்கிலாந்தின் லின்டிஸ்பார்ன் என்ற தீவு மடத்துத் துறவியும் ஆயருமான கத்பேட் இறந்தது மார்ச் 20. அது தவக்காலத்துக்குள் விழும், கேக்கும் பாட்டும் வைக்க மனம் வராது. செப்டெம்பர் 4 அவருடைய உடல் மாற்றி வைக்கப்பட்டதை நினைக்கும் நாள், வீட்டில் பெருநாள் வைக்க அதுதான் வசதி. ஒஸ்வல்ட் ஓகஸ்ட் 5, வில்பிரட் ஒக்டோபர் 12, எட்மண்ட் நவம்பர் 20, மில்ட்ரட் ஜூலை 13, எடித் செப்டெம்பர் 16. இவர்களில் ஒருவரும் எங்கள் பூசை நாள்காட்டியில் இருக்க மாட்டார்கள், தேடிக் களைக்க வேண்டாம். உலகம் முழுவதற்குமான நாள்காட்டியில் ஏறிய ஆங்கிலோ-சாக்சன் பெயர்கள் பீட் (மே 25), போனிபாஸ் (ஜூன் 5) போன்ற ஒன்றிரண்டுதான். இடையில் மே 27 வருகிற கன்டர்பரி அகுஸ்தினார் உரோமையிலிருந்து அனுப்பப்பட்டு 597இல் அங்கே வந்து சேர்ந்தவர், அந்த நாட்டுப் பிள்ளை இல்லை.

இந்த உடலை உயர்த்தி வைப்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். எங்கள் யோசப் வாஸ் அடிகளார் 1711இல் கண்டியில் இறந்தார், 2015இல்தான் திருத்தந்தை கொழும்புக்கு வந்து அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இடையில் விசாரணை, ஆவணம், சாட்சி என்று 304 வருடம். கத்பேட் காலத்தில் அப்படி ஒரு முறையே இல்லை. இறந்தவரிடம் சனம் போய் மன்றாடும், புதுமை நடந்ததாகச் சொல்லும், பிறகு அந்த மடத்தார் ஆயரிடம் கேட்டுக் கல்லறையைத் திறப்பார்கள். 687இல் இறந்த கத்பேட்டின் கல்லறையை 698இல், அவர் இறந்த அதே தேதியில் திறந்தார்கள். எலும்பைக் கழுவி ஒரு சின்னப் பெட்டியில் வைக்கலாம் என்றுதான் போனார்கள். உடல் நித்திரை கொள்ளும் ஆளைப் போலக் கெடாமல் இருந்தது என்று அந்தக் காலத்து வரலாறு எழுதிய துறவி பீட் எழுதுகிறார். அன்றோடு அவர் புனிதர், வேறு அறிவிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

சரி, இப்போது வாழ்க்கை வரலாறு. இணையத்தில் தேடினால் ஒரே பந்தியைத்தான் ஐம்பது இடத்தில் போட்டிருப்பார்கள், அதை எடுத்துத் தமிழாக்கிச் செபக்கூட்டத்தில் வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். மூலத்துக்குப் போங்கள். இந்தப் புனிதர்களில் முற்பட்டவர்களுக்கு மூலம் என்றால் பெரும்பாலும் பீட் தான். ஏழு வயதில் மடத்தில் விடப்பட்ட பிள்ளை, ஜாரோ மடத்திலேயே வாழ்நாளைக் கழித்து, 731இல் ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை எழுதி முடித்தவர். அந்த இலத்தீன் நூலின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் உரிமைக் காலம் முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் ஒரு புனிதருக்கு இரண்டு மூன்று அத்தியாயம்தானே, அகராதியோடு இருந்து ஒரு பின்நேரத்தில் வாசித்துவிடலாம்.

வாசிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்: இதை எழுதியவருக்கு யார் சொன்னது? பீட் இதில் நல்ல மனிதர், சொன்னவரின் பெயரைப் பல இடங்களில் போட்டுவிடுவார். கத்பேட்டின் வாழ்க்கையை எழுதியபோது, அவரோடு கூட இருந்த துறவிகளைக் கேட்டு எழுதி, பிறகு லின்டிஸ்பார்ன் மடத்து மூத்தவர்கள் முன்னால் இரண்டு நாள் வாசிக்கவிட்டுச் சரிபார்த்திருக்கிறார். எட்மண்டின் கதை வேறு வழியால் வந்தது. கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் அவர், 869இல் டேனியர் (வடக்கிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங் படையினர்) அவரைக் கொன்றார்கள். அவருடைய ஆயுதம் தூக்கிய வீரன் கிழவனான பிறகு சொன்னதை பிறகு கன்டர்பரிப் பேராயரான டன்ஸ்டன் தன் இளமையில் கேட்டார், டன்ஸ்டன் தன் முதுமையில் சொன்னதை அப்போ என்ற துறவி கேட்டு எழுதினார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதையை மூன்று பேர் கைமாற்றியிருக்கிறார்கள். வெட்டி வீசிய தலையை ஓர் ஓநாய் காத்துக்கொண்டிருந்தது, தேடி வந்தவர்களுக்குத் தலையே ‘இங்கே, இங்கே’ என்று குரல் கொடுத்தது என்பதெல்லாம் அந்த வழியால் வந்தவை. ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்ற கதை பீட்டின் நூலில் இல்லை. விட்பிக் கரையில் சுருள் சுருளாகக் கிடக்கும் பழைய சங்குக் கற்களைப் பார்த்துப் பிற்காலத்தில் வந்தது.

இதற்காகப் புதுமைகளை வெட்டி எறியச் சொல்லவில்லை. வெட்டினால் அந்த மனிதர்களே மிஞ்ச மாட்டார்கள். ஒஸ்வல்ட் மன்னர் 642இல் போர்க்களத்தில் விழுந்த இடத்து மண்ணைச் சனம் அள்ளி, தண்ணீரில் கரைத்து நோயாளிகளுக்குக் கொடுத்து, கடைசியில் ஓர் ஆள் உயரத்துக்குக் குழி விழுந்துவிட்டது என்று பீட் எழுதுகிறார். இதைக் கேட்டு மடு மாதா கோயில் மண்ணை முடிந்து வைத்திருக்கும் எங்கள் வீட்டுக் கிழவிகள் ஆச்சரியப்படவா போகிறார்கள்? ‘பீட் இப்படி எழுதியிருக்கிறார், இவரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்’ என்று சொல்லுங்கள், அவ்வளவு போதும். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

கதையைச் சொல்லும்போது பிறந்த வருடத்திலிருந்து தொடங்காதீர்கள். கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். கத்பேட்டுக்கு நான் எடுப்பது வெங்காயம். ஆயர் பதவியை விட்டு, சாகிற காலத்தில் அவர் பார்ன் என்ற சின்னத் தீவுக்குத் தனியே போய்விட்டார். புயல் அடித்து ஐந்து நாள் ஒருவராலும் படகு விட முடியவில்லை. கடல் அடங்கி ஹெரெபிரித் என்ற மடாதிபதி போய்ப் பார்த்தால், கிழவர் கரையோரத்து விருந்தினர் குடிலில் சுகமில்லாமல் ஒரே இடத்தில் இருக்கிறார். ஐந்து நாளும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க, இருந்த இடத்தில் விரிப்பை ஒதுக்கிக் காட்டுகிறார்: ஐந்து வெங்காயம். அதில் ஒன்றில் மட்டும் பாதிக்கும் குறைவாகக் கடித்த அடையாளம். வாய் காய்ந்தபோதெல்லாம் இதைக் கடித்துக்கொண்டேன் என்றாராம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெங்காயத்தைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு வெங்காயத்தைக் கடித்த அடையாளத்தோடு மேசையில் வைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன், பன்னிரண்டு பிள்ளைகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகு போகாமல் நெடுந்தீவில் ஆட்கள் நாள்கணக்கில் நிற்பது அவர்களுக்குத் தெரிந்த விசயம், தீவையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பீட்டுக்கு மிளகு. 735இல் சாகிற நாளில் அவர் தன் சின்னப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இருந்த மிளகையும் துணிகளையும் சாம்பிராணியையும் மடத்துக் குருக்களுக்குப் பங்கிட்டார் என்று பக்கத்தில் இருந்த மாணவர் ஒருவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மிளகு அந்தக் குளிரில் விளையாது. எங்கள் பக்கத்துக் கடலில் கப்பலேறிக் கை மாறிக் கை மாறிப் போன சரக்கு. ஒரு துறவியின் சொத்து மொத்தமும் ஒரு பிடி மிளகும் கொஞ்சத் துணியும் சாம்பிராணியும்.

ஒஸ்வல்டுக்கு வெள்ளித் தட்டு: உயிர்ப்புப் பெருநாளன்று சாப்பிட இருந்தபோது வாசலில் ஏழைகள் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சாப்பாட்டைக் கொடுத்து, தட்டையும் உடைத்துப் பங்கிடச் சொன்னார். ஹில்டாவுக்கு மணி. அவர் இறந்த இரவு, ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தள்ளி இருந்த இன்னொரு மடத்தில் பேகு என்ற கன்னியாஸ்திரி, ஒருவர் இறந்தால் அடிக்கும் மணிச்சத்தத்தைக் கேட்டு எழும்பினார். எங்கள் கோயிலில் துக்க மணி கேட்டதும் ‘ஆர் போயிட்டினம்?’ என்று படலைக்கு வருகிறோமே, அதே மணிதான்.

போரில் இறந்த ஒஸ்வல்டை எப்படிப் புனிதர் என்று சொல்லலாம் என்று யாராவது கேட்பார்கள். எங்கள் ஊரில் அது வெறும் கேள்வி இல்லை, கேட்கிறவரின் வீட்டிலும் ஒருவர் போயிருப்பார். நான் பீட்டின் சொல்லோடு நின்றுவிடுவேன்: எதிரிகள் சூழ்ந்து நின்றபோது அவர் தன்னோடு சாகப்போகிற வீரர்களின் ஆன்மாக்களுக்காக மன்றாடினார், அந்த மன்றாட்டு பிறகு அந்த நாட்டில் பழமொழியாகவே போய்விட்டது.

இனி, பலர் விட்டுவிடுகிற பாதி. புனிதருக்கு இரண்டு வாழ்க்கை, ஒன்று சாகும் வரைக்கும், மற்றது செத்த பிறகு. கத்பேட்டின் கதையை 687இல் நிறுத்தினால் பாதிக்கு மேல் போய்விடும். 793இல் வைக்கிங்குகள் லின்டிஸ்பார்னைக் கொள்ளையடித்தார்கள். 875இல் இனி இருக்க முடியாது என்று மடத்தார் கத்பேட்டின் உடல் இருந்த மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். ஒஸ்வல்டின் தலையும் அதே பெட்டிக்குள். ஏழு வருடம் ஊர் ஊராக அலைந்து, 883இல் செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட்டில் ஓய்ந்து, அங்கேயும் இருக்க முடியாமல் 995இல் டர்ஹாமுக்கு வந்தார்கள். அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் டர்ஹாம் நகரமே எழுந்தது, இன்றைக்கும் கத்பேட்டின் கல்லறை அங்கேதான். 1104இல் பெட்டியைத் திறந்தபோது உள்ளே யோவான் நற்செய்தியின் ஒரு சின்னப் புத்தகம், உள்ளங்கை அளவுக்குக் கொஞ்சம் பெரிது. 2012இல் பிரித்தானிய நூலகம் அதை 90 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது. 1827இல் மறுபடி திறந்தபோது பொன்னும் சிவப்புக் கல்லும் பதித்த கழுத்துச் சிலுவை கிடைத்தது. கூடவே ஒரு சீப்பும்.

டர்ஹாமுக்கு வந்தது 995. நாங்கள் வெளிக்கிட்டது 1995. இந்தக் கணக்கை நான் முதல்முதல் பார்த்த இரவு நித்திரை வரவில்லை. புனிதரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம். ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனார்கள், 2008 ஏப்ரலில் அதே மாதாவை மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே கத்பேட்டின் பெட்டிக் கதையைச் சொல்லும்போது இடையில் நிறுத்தி, ‘நீங்கள் வெளிக்கிட்டபோது வீட்டிலிருந்து எதைத் தூக்கினீர்கள்?’ என்று பெரியவர்களைக் கேளுங்கள். நான் கேட்ட அன்று பெருநாள் ஒன்றரை மணித்தியாலம் நீண்டது. ஒரு அன்ரி சுரூபத்தைத் துவாயில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டியதைச் சொன்னார். பிள்ளைகளுக்கு அதெல்லாம் முதல்முறை கேட்கிற கதை.

படம் வைப்பதென்றால் கவனம். கத்பேட்டின் படங்களில் அவர் கையில் முடிசூடிய ஒரு தலை இருக்கும், அது ஒஸ்வல்டின் தலை. பிள்ளைகள் பயப்படுவதற்கு முன்னமே சொல்லிவிடுங்கள். எட்மண்டை மரத்தில் கட்டி அம்பு எய்த படத்தை எங்கள் சனம் பார்த்த உடனே செபஸ்தியார் என்று சொல்லும். முடி இருந்தால் எட்மண்ட். ஓநாய் இருந்தால் சந்தேகமே இல்லை.

செபத்தைப் பொறுத்தவரை புதிதாக எழுதத் தேவையில்லை. செபமாலை ஒரு பத்து, அந்தப் புனிதரோடு பொருந்துகிற ஒரு நற்செய்திப் பகுதி, பிறகு அந்தப் பெயருள்ளவர்களுக்காக ஒரு மன்றாட்டு, உயிரோடு இருப்பவர்களுக்கும் சேமக்காலையில் இருப்பவர்களுக்கும். திருப்பண்டம் (புனிதரின் எலும்போ அவர் பாவித்த பொருளோ), அம்மம்மா வழக்கில் அருளிக்கம், எங்களிடம் இல்லையே என்று கவலைப்பட ஒன்றும் இல்லை. தென்னிந்திய திருச்சபை, மெதடிஸ்த சபை நண்பர்களையும் கூப்பிடுங்கள். புனிதரிடம் பரிந்துரை கேட்பது அவர்கள் வழக்கம் இல்லை, அந்த இடத்தில் நன்றிச் செபமாகச் சொன்னால் எல்லோரும் சேர்ந்து சொல்லலாம். ஓட்ரி, ஒஸ்வல்ட் எல்லாம் அவர்கள் வீடுகளிலும்தானே இருக்கிறார்கள். ஒஸ்வல்டின் நாளில் மட்டும், சாப்பிட முன்னம் ஒரு பார்சல் வெளியே போக வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம்.

நவம்பர் 17 எங்களுக்கு மாரி நடு. மழை ஊற்றும், கரண்ட் போகும், வாறவர்கள் குடையோடு விறாந்தையில் நிற்பார்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் கேட்மன் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இரவு கிடையாது. ஹில்டாவின் மடத்தில் மாடு பார்த்த வயதான மனிதன் அவன். விருந்தில் யாழ் கை மாறித் தன்னிடம் வரப்போகிறது என்று கண்டால், பாடத் தெரியாத வெட்கத்தில் எழும்பிப் போய்விடுவான். ஓர் இரவு அப்படிப் போய் மாட்டுத் தொழுவத்தில் படுத்தவனிடம் கனவில் ஒருவர் வந்து ‘கேட்மன், எனக்கு ஏதாவது பாடு’ என்றார். என்னத்தைப் பாட என்று கேட்டான். ‘படைப்பின் தொடக்கத்தைப் பாடு.’ விடிய எழும்பியபோது பாட்டு வாயில் இருந்தது. ஹில்டா அவனைக் கூப்பிட்டு, படித்தவர்கள் முன்னால் பாடவைத்துக் கேட்டு, மடத்தில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பாட்டு ஒன்பது வரி, இன்றைக்கும் இருக்கிறது.

கதை முடிந்ததும் வட்டமாக ஒவ்வொருவரையும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள், பாட மாட்டேன் என்று எழும்புகிற பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், விறாந்தையில் போய் நிற்கட்டும். வீட்டுக்குப் போக முதல் செபப்புத்தகத்தின் பின்அட்டையில் நாளை எழுதிவிடுங்கள். நாளை மட்டும் எழுதாமல், யாருடைய நாள், அந்தப் பெயர் உங்கள் வீட்டில் யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்து, பென்சிலால் இல்லை, பேனையால்.